ஏட்டுத் தண்ணீர்: கொலராடோ படுகைக் குறிப்புகள்

அமெரிக்கர்களின் ஏக்கர்-அடிக் கணக்கை டி.எம்.சி.க்கு மாற்றிப் பார்த்தேன். கொலராடோ ஆற்றில் ஏழு மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் எழுதிக்கொடுத்திருக்கும் தண்ணீர் ஆண்டுக்கு 1 கோடியே 65 லட்சம் ஏக்கர்-அடி. அதாவது சுமார் 719 டி.எம்.சி. காவிரியில் நடுவர் மன்றம் 2007இல் பங்கிட்ட மொத்தம் 740. ஏறத்தாழ ஒரே அளவு. கொலராடோ 2,300 கிலோமீட்டர் ஓடுகிறது. 4 கோடிப் பேருக்குக் குடிநீரும், சுமார் 55 லட்சம் ஏக்கருக்குப் பாசனமும் அதிலிருந்துதான். 2000ஆம் ஆண்டு தொடங்கிய வறட்சிக்குப் பிறகு, லீஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் கணக்கிடப்படும் அதன் இயற்கை வரத்து சராசரியாக 540 டி.எம்.சி.யைச் சுற்றியே இருக்கிறது. இல்லாத தண்ணீரையும் சேர்த்து எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் படுகையில் அரசு அங்கீகரித்த பூர்வகுடிச் சமூகங்கள் 30 இருக்கின்றன. அவற்றில் 22 சமூகங்களுக்கு இதுவரை ஏற்கப்பட்ட நீருரிமை 32 லட்சம் ஏக்கர்-அடி. ஆற்றில் இப்போது வருவதில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு இன்னும் அளவே முடிவாகவில்லை.

கால் பங்கு ஆற்றுக்கு உரியவர்கள் வீட்டில் குழாய் இல்லாமல் இருக்கிறார்கள் என்றால் அந்த உரிமை எங்கே தடைபடுகிறது? கொலராடோ பற்றி எதைப் படித்தாலும் நான் தேடுவது இதைத்தான்.

*

1922 நவம்பர் 24. நியூ மெக்சிகோவில் சான்டா ஃபே நகருக்கு வெளியே ஒரு விடுதி. ஏழு மாநிலங்களின் ஆணையர்கள், தலைமைக்கு அன்றைய வணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர். ஆற்றை மேல் படுகை, கீழ்ப் படுகை என்று இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த வரத்துக் கணக்கு நல்ல மழை பெய்த ஆண்டுகளுடையது.

பூர்வகுடிகள் ஒருவரையும் கூப்பிடவில்லை. அமெரிக்க அரசுக்கு அவர்கள்பால் உள்ள கடமைகளை இந்த உடன்படிக்கை பாதிக்காது என்ற பொருளில் ஏழாவது பிரிவாக ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். அளவு இல்லை, இடம் இல்லை, பெயர் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாளில் மூத்த பங்காளிக்குச் சொல்லி அனுப்பாமல், ‘அவருக்கு உள்ளது அவருக்கு’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் என்ன ஆகும்? ஊரில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் வேலி போட்டு, கிணறு வெட்டி, வீடு கட்டி முடித்த பிறகு அவர் வந்து கேட்டால் ‘இப்போது வந்து கேட்கிறாரே’ என்பார்கள்.

அந்த நாளில் பூர்வகுடிகளில் பலர் அமெரிக்கக் குடிமக்களே இல்லை. எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924இல்தான் வந்தது. அரிசோனாவில் அவர்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1948 வரை ஆயிற்று. அதற்குள் ஹூவர் அணை எழும்பி, மீட் நீர்த்தேக்கம் நிரம்பி, கலிபோர்னியாவின் பெரிய கால்வாய்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

நம் காவிரிப் பங்கீட்டிலும் நான்கு தரப்புகள்தான்: தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி. சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கிய கணக்கில், பவானியும் மோயாறும் ஓடும் காடுகளில் இருக்கும் இருளரும் குறும்பரும் சோலகரும் தனித் தரப்பாக இல்லை. கொலராடோவின் கதையைப் படிக்கும்போது அந்த அட்டவணை நினைவுக்கு வராமல் இருக்கவில்லை.

*

உடன்படிக்கைக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் பூர்வகுடிகளின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வின்டர்ஸ் வழக்கு, 1908. கொலராடோ படுகைக்கு வெளியே, வடக்கே மொன்டானாவில் மில்க் ஆறு. ஃபோர்ட் பெல்க்னப் என்ற ஒதுக்கீட்டு நிலத்தில் க்ரோ வான்ட்ர், அசினிபோயின் மக்கள். மேலே குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றை மறித்ததால் வறட்சியில் இவர்களது வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: மக்களை ஓரிடத்தில் குடியமர்த்தி, பயிர் செய்து பிழையுங்கள் என்று 1888இல் நிலத்தை ஒதுக்கியபோதே அந்த நிலம் விளைவதற்கான தண்ணீரும் ஒதுக்கப்பட்டுவிட்டது. எழுதாவிட்டாலும் அது உண்டு.

அமெரிக்க மேற்கில் நீருக்குச் சட்டம், முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை. வறட்சி வந்தால் பின்னால் வந்தவர் மடையை முதலில் அடைப்பார்கள். பூர்வகுடிகளின் உரிமைக்குத் தேதி, ஒதுக்கீட்டு நிலம் அமைந்த நாள். 1859, 1865, 1868 என்று அது ஏறக்குறைய எல்லா நகரங்களின் உரிமைக்கும் முந்தியது. பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது. சட்டப்படி அவர்கள் தலைமடைக்காரர்கள்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தண்ணீரை எடுக்க அணை வேண்டும், கால்வாய் வேண்டும், பம்பு வேண்டும், பணம் வேண்டும். அணையும் கால்வாயும் கட்டியது மத்திய உள்துறையின் கீழ் இருந்த பாசனத் துறை. பூர்வகுடிகளின் உரிமையைக் காக்க வேண்டிய பொறுப்பும் அதே உள்துறைக்கு. பூர்வகுடிகளின் நீருரிமையைப் பொருட்படுத்தாமலே வெள்ளைக் குடியேறிகளின் பாசனம் வளர்க்கப்பட்டது என்று 1973இல் அந்நாட்டு தேசிய நீர் ஆணையமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

*

ஹீலா ஆறு. கொலராடோவின் கிளை. ஃபீனிக்ஸ் நகருக்குத் தெற்கே அதன் கரையில் இருப்பவர்கள் அகிமெல் ஓ’ஓதம். வெளியார் பீமா என்பார்கள். இவர்களின் முன்னோரான ஹுஹுகாம் மக்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அந்தப் பாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினவர்கள். கையால் வெட்டிய வாய்க்கால்கள். இன்றைய ஃபீனிக்ஸின் சில கால்வாய்கள் அந்தப் பழைய தடத்திலேயே போகின்றன.

1850களில் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்குக் கோதுமை விற்றவர்கள் இவர்கள். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கும் இவர்கள் தானியம் போயிற்று. 1859இல் நிலம் ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் மேலே குடியேறிகள் ஆற்றைத் திருப்பத் தொடங்கினார்கள். 1887இல் ஃப்ளோரன்ஸ் கால்வாய் வந்ததும் மிச்சமும் போயிற்று. கோதுமை விற்றவர்கள் பஞ்சத்தில் விழுந்தார்கள். உயிர் பிழைக்க மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றார்கள். அந்த மரத்தின் நெற்றுகளை இடித்த மாவுதான் அதுவரை அவர்களின் வறட்சிக்கால உணவு.

பிறகு அரசின் நிவாரணப் பண்டம் வந்தது: வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை. அரிசோனா பீமா மக்களிடம் உள்ள நீரிழிவு நோயின் விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. 1965இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அவர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். 2006இல் வெளியான ஒப்பாய்வில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதத்தினருக்கு நீரிழிவு. மெக்சிகோவின் மலையூர்களில் இன்னும் சொந்தமாகப் பயிரிட்டு உழைத்துச் சாப்பிடும் அவர்களின் உறவினரிடம் 6.9 சதவீதம். மரபு ஏறக்குறைய ஒன்றுதான். இந்த 38ஐ மருத்துவப் புள்ளியாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. வாய்க்கால் வறண்டால் வயலில் உழைப்பு போகிறது, வயலின் பயறு தட்டிலிருந்து போகிறது, மூன்று தலைமுறைக்குள் அது ரத்தத்தில் தெரிகிறது. நீருரிமை வழக்கில் இந்த இழப்பைக் கணக்கிட எந்தக் கலமும் இல்லை.

*

ஹீலா, தொடர்ச்சி.

1924இல் பீமாக்களின் பெயரைச் சொல்லி ஒரு அணைக்குச் சட்டம் போட்டார்கள். கூலிட்ஜ் அணை. திட்டத்தின் ஒரு லட்சம் ஏக்கரில் பாதி பூர்வகுடிகளுக்கு, பாதி வெளியாருக்கு. 1930இல் திறப்பு விழாவின்போது தேக்கத்தின் தரையில் புல் வளர்ந்திருந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் அது நிரம்பவேயில்லை. அணைக்காக மூழ்கியது இன்னொரு பூர்வகுடியின் ஊர். சான் கார்லோஸ் அப்பாச்சிகளின் பழைய குடியிருப்பு அது. புதைத்தவர்களைத் தோண்டி இடம் மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை. கல்லறைகளின் மேல் கான்கிரீட் ஊற்றித் தண்ணீரைத் தேக்கினார்கள்.

ராட்னி லூயிஸ் என்ற அகிமெல் ஓ’ஓதம் வழக்கறிஞர், அரிசோனா வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்த முதல் பூர்வகுடி. 1970களில் தொடங்கி சமூகத்தின் நீர் வழக்கைச் சுமந்தவர். 2004 டிசம்பரில் அரிசோனா நீர்த் தீர்வுச் சட்டம் வந்தது: ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி. நம் கணக்கில் 28 டி.எம்.சி. சொச்சம். அதில் கிட்டத்தட்ட பாதி, கொலராடோவிலிருந்து 540 கிலோமீட்டர் கால்வாயில் வருவது. கோரியதைவிட மிகக் குறைவுக்கு இறங்கித்தான் இதை வாங்கினார்கள். ஆனால் தண்ணீரோடு கால்வாய் கட்டும் பணமும் வந்தது. அதுதான் வேறுபாடு. லூயிஸ் 2018இல் மறைந்தார். அவர் மகன் ஸ்டீபன் ரோ லூயிஸ் சமூகத்தின் ஆளுநராக இருந்து அந்த வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

*

பீமாக் கூடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று செடிகள் தெரியும். உள்ளே சுருளாகப் போகும் நரம்பு, கீறிக் காயவைத்த சம்புத் தண்டு. அதைச் சுற்றி இறுக்கித் தைப்பது வில்லோ மரத்தின் மெல்லிய கீற்று. வெளிர் நிறம். கறுப்புக் கோலம், பேய்க்கொம்பு போல வளைந்த ஒரு காயின் தோல். சாயம் இல்லை, அந்தத் தோலே கறுப்பு. சம்பும் வில்லோவும் நீரோரத்தில் மட்டும் வளர்பவை. ஆறு வறண்டபோது கூடை முடைபவர்களுக்குக் கையில் பொருள் இல்லாமல் போயிற்று.

தீர்வுச் சட்டத்துக்குப் பிறகு, நிலத்தடி நீரைப் பெருக்க ஹீலாவின் காய்ந்த படுகையில் ஓரிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 2015 வாக்கில் தொடங்கியது. சம்பு வந்தது, வில்லோ வந்தது, பறவைகள் வந்தன. முடைபவர்கள் அங்கே போய்ப் பறிக்கிறார்கள்.

*

எவ்வளவு தண்ணீர் என்று அளப்பது எதைக்கொண்டு? 1963இல் ‘அரிசோனா எதிர் கலிபோர்னியா’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலை ஏற்றது: ஒதுக்கீட்டு நிலத்தில் நடைமுறையில் பாசனம் செய்யத்தக்க ஏக்கர் எத்தனை. அதாவது ஆயக்கட்டு. கீழ்க் கொலராடோவின் ஐந்து சமூகங்களுக்குச் சேர்த்து சுமார் 9 லட்சம் ஏக்கர்-அடி இப்படிக் கிடைத்தது. அதில் பெரும்பங்கு பார்க்கர் பள்ளத்தாக்கின் கொலராடோ ஆற்றுச் சமூகங்களுக்கு, 7,19,248. சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கோல் நன்மை செய்தது. மலையிலும் மேட்டிலும் இருப்பவர்களுக்கு? மீன் பிடிப்பவர்களுக்கு? வழிபாட்டு ஊற்று வைத்திருப்பவர்களுக்கு? ஆயக்கட்டு இல்லாதவருக்கு ஆறும் இல்லை என்றாகிறது.

அரிசோனா மாநில உச்ச நீதிமன்றம் 2001இல் இதை மறுத்தது. ஏக்கர் கணக்கு மட்டும் போதாது, அந்த இடம் அவர்களுக்கு நிலையான தாயகமாக இருக்க எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும் என்றது. பண்பாடு, மக்கள்தொகை, பொருளாதாரம் எல்லாவற்றையும் சேர்த்து. எனக்கு இந்தத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. நாடு முழுவதுக்கும் அது பொருந்தாது என்பதுதான் குறை.

*

நவஹோ நாடு. சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். வடக்கு விளிம்பில் சான் யுவான் ஆறு, மேற்கு விளிம்பில் கொலராடோ. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை.

தண்ணீர் கொண்டுவரும் வேலை இப்படி. பிக்கப் வண்டியின் பின்னால் இரும்புக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி, ஆயிரம் லிட்டர் பிடிப்பது. ஊர்மன்றக் கட்டடத்தின் குழாயடிக்கோ பக்கத்து நகரத்துக்கோ ஓட்டிப் போக வேண்டும். போக ஒரு மணி நேரம் ஆகும் வீடுகள் உண்டு. நிரம்பியதும் ஒரு டன் பாரம். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து சக்கரத்தைத் தொடப் பார்க்கும். மண் சாலையில் மெதுவாகத் திரும்ப வேண்டும். மழை பெய்தால் சேறு, போக முடியாது. பனிக்காலத்தில் குழாய் உறைந்துவிடும். அந்தத் தண்ணீரில் முதலில் சமையல், பிறகு குளியல், பிறகு ஆடு. இப்படி வாழும் வீடுகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30, 40 லிட்டர்தான் கிடைக்கிறது. சராசரி அமெரிக்கர் 300 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். பக்கத்துக் கிணற்றில் எடுக்கலாமே என்றால் பல கிணறுகளில் யுரேனியமும் ஆர்செனிக்கும். கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் அங்கே 500க்கு மேல். 2020 மே மாதம் அமெரிக்காவிலேயே மக்கள்தொகை விகிதப்படி அதிகம் கொரோனா தொற்று நவஹோ நாட்டில்தான். அடிக்கடி கை கழுவச் சொன்ன காலம் அது.

இதன் பக்கத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொலராடோ நீரைக் கொண்டுபோகும் கால்வாயில் தண்ணீர் தானாக ஓடாது. 800 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்தப் பம்புகளுக்கு 1980களிலிருந்து 2019 வரை மின்சாரம் தந்தது நவஹோ மண்ணில் நின்ற அனல் மின்நிலையம். எரித்தது நவஹோ, ஹோப்பி நிலங்களில் தோண்டிய நிலக்கரி. அங்கிருந்தே இன்னொரு நிலையத்துக்கு 1970 முதல் 2005 வரை நிலக்கரியைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, 440 கிலோமீட்டர் குழாயில் அனுப்பினார்கள். அந்தக் கரைசலுக்குக் குடிக்கத் தகுந்த நிலத்தடி நீர், ஆண்டுக்கு நூறு கோடி காலனுக்கு மேல். பாலைவனத்தில் நிலக்கரிக்குக் குழாய் போட முடிந்தது. வீடுகளுக்குப் போட முடியவில்லை என்றால் யார் நம்புவது?

1868 ஒப்பந்தப்படி எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கெடுத்துத் திட்டம் போடுங்கள் என்று நவஹோ மக்கள் அமெரிக்க அரசைக் கேட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளிவிட்டது: உரிமை உண்டு, அதைப் பெற்றுத்தரச் செயல்படும் கடமை அரசுக்கு ஒப்பந்தத்தில் இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கவனா. மறுத்து எழுதியவர் நீதிபதி கார்சச். நவஹோ மக்கள் கேட்டது தங்களுக்காக அரசு என்ன உரிமையை வைத்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் என்றார் அவர். அடுத்த ஆண்டு நவஹோ, ஹோப்பி, தென் பையூட் சமூகங்கள் அரிசோனாவோடு பேசி 500 கோடி டாலர் குழாய்த் திட்டத்துடன் ஒரு தீர்வுக்கு வந்தார்கள். அதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

*

உரிமை தடைபடுவது அமெரிக்காவில் மட்டுமல்ல. ஆஸ்திரேலியா, மர்ரி-டார்லிங் படுகை. அங்கே நீரை நிலத்திலிருந்து பிரித்து, விற்கவும் வாங்கவும் கூடிய உரிமமாக்கினார்கள். பிரிக்கும்போது நிலம் இல்லாதவருக்கு உரிமமும் கிடைக்கவில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் தண்ணீரையும் இழந்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் பூர்வகுடி அமைப்புகளிடம் உள்ள மேற்பரப்பு நீர் 0.2 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம். அவர்களுக்கு நீர் வாங்க 4 கோடி டாலர் என்று 2018இல் அரசு அறிவித்தது. அந்தப் பணத்தைச் செலவிடாமலே ஆண்டுகள் கடந்தன.

*

மீண்டும் கொலராடோ. எடுக்க வசதியில்லாத தண்ணீர் என்ன ஆகிறது? ஆற்றோடு கீழே போகிறது. கீழே இருக்கும் வயலும் நகரமும் எடுத்துக்கொள்கின்றன. காசு கிடையாது, கணக்கும் கிடையாது. நூறாண்டாகக் கொலராடோ படுகையில் பலரின் பயிர் இப்படி வளர்ந்திருக்கிறது. பூர்வகுடிகள் தங்கள் பங்கை எடுக்கத் தொடங்கினால் எங்கள் பயிர் போகும் என்று அந்த விவசாயிகள் இப்போது முறையிடுகிறார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அது யாருடைய தண்ணீர் என்பது 1908 தீர்ப்பிலிருந்தே தெரியும்.

சில சமூகங்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. நியூ மெக்சிகோவின் ஹிகரீயா அப்பாச்சிகள் முன்பு அனல் மின்நிலையத்துக்குக் குத்தகைக்கு விட்ட தண்ணீரை, அது மூடப்படும் நிலையில் மாநில அரசுக்கும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கும் விட்டார்கள். ஆண்டுக்கு 20,000 ஏக்கர்-அடி வரை, பத்தாண்டுக்கு. சான் யுவான் ஆற்றில் அழிந்துவரும் மீன்களுக்காக. ஹீலா ஆற்றுச் சமூகம் 2023இல், மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1,25,000 ஏக்கர்-அடியை மீட் நீர்த்தேக்கத்திலேயே விட்டுவைக்க ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஈடு. தேக்கம் ஆபத்தான மட்டத்துக்கு இறங்கியிருந்த காலம். பங்கு பிரித்தபோது விடுபட்டவர்கள்தான் அரிசோனாவின் நகரங்களைத் தாங்கினார்கள்.

அதே சமூகம் 2024இல் தன் கால்வாயின் மேல் அரை மைலுக்குச் சூரியத் தகடு வேய்ந்தது. ஆவியாதலும் குறையும், மின்சாரமும் வரும். அமெரிக்காவில் இது முதல் முயற்சி. முன்மாதிரி குஜராத். அங்கே நர்மதைக் கால்வாய்மேல் 2012இல் செய்ததைத்தான் பார்த்தார்கள்.

*

ஆற்றின் கடைமடை மெக்சிகோ. எல்லைக்கு வடக்கே கோகோபா, தெற்கே குகப்பா. ஒரே மக்கள். வடக்கே இருப்பவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றம் எழுதிக்கொடுத்த நீருரிமை உண்டு. தெற்கே இருப்பவர்களுக்கு, அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட 1944 நீர் ஒப்பந்தத்தில் தனிப் பங்கு இல்லை. அணைகள் வந்த பிறகு டெல்டா உப்புத் தரையாயிற்று. மீன்பிடித்து வாழ்ந்தவர்கள், 1993இல் கழிமுகத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பிறகு அங்கே வலை போடவும் அரசோடு மோத வேண்டியிருக்கிறது. ஆற்றை வற்றவைத்தவர்கள் வேறு, தடையைச் சுமப்பவர்கள் வேறு.

2014 மார்ச் 23 அன்று எல்லையில் மொரேலோஸ் அணையின் மதகைத் திறந்து, எட்டு வாரத்தில் 1,05,000 ஏக்கர்-அடியை டெல்டாவுக்கு விட்டார்கள். நாலரை டி.எம்.சி. மே மாதம் ஆறு கடலைத் தொட்டது. டெல்டாவுக்கு நீர் விடுவதற்கான இப்போதைய இருநாட்டு ஏற்பாடு 2017இல் கையெழுத்தானது. அதன் கெடு 2026 டிசம்பர் 31.

அமெரிக்காவுக்குள் வறட்சிக்காலத்தில் யார் எவ்வளவு குறைப்பது என்று 2007இல் போட்ட விதிகளும் 2026ஓடு முடிகின்றன. அந்த விதிகளையும் பூர்வகுடிகளை உட்கார வைத்துப் போடவில்லை. அவர்கள் இப்போது கேட்பவை: பேச்சு நடக்கும் இடத்தில் மாநிலங்களுக்குச் சமமான இடம், எடுக்காமல் விட்ட தண்ணீருக்கு ஈடு, தங்கள் எல்லைக்கு வெளியே குத்தகைக்கு விடும் உரிமை, இன்னும் அளவே முடிவாகாத சமூகங்களின் பங்கை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைப் பிரிப்பது. நான்கில் கடைசிதான் மாநிலங்களுக்கு மிகக் கடினம். 719க்கு எழுதி 540 வரும் ஆற்றில் அதைச் செய்தால் ஏதோ ஒரு மாநிலத்தின் பங்கில் கைவைக்காமல் முடியாது. அந்தக் கையை வைக்கத்தான் வேண்டும்.